பஞ்சநாதனின் பச்சை அட்டை

சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வரக்கூடாது என்பதற்காகப் புதுச்சேரியில் ஒரு நிலையம் இருந்தது. 'வட்டார நீரிழிவாளர் இதய முன்காப்பு உயர் ஆய்வு நிலையம்' என்பது அதன் முழுப்பெயர். இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறவருக்கு இதயம் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம், அதற்கு மேல் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. சொல்லி முடிக்க முடியாத ஜனங்கள் அதைக் கொழுப்பு ஆபீஸ் என்றார்கள். எனக்கும் அந்தப் பெயர்தான் வாய்க்கு வசதி.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, பிரெஞ்சுக்காரர்கள் கட்டிவிட்டுப் போன மஞ்சள் கட்டடம் ஒன்றில் கொழுப்பு ஆபீஸ் குடியிருந்தது. வாசலில் கமலக்கண்ணன் என்கிற காவலாளி பிரெஞ்சுக் காலத்துப் போலீஸ்காரர் போலச் சிவப்புக் கெப்பித் தொப்பியோடு நிற்பார். பேன்ட் போட்டு வருகிறவர்களுக்குப் பிரெஞ்சில் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்வார். கைலி கட்டி வருகிறவர்களை அந்தாண்ட போய் நிற்கச் சொல்வார். இரண்டும் அவருடைய வேலை உத்தரவிலேயே இருந்தன என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

வீராம்பட்டினத்துப் பஞ்சநாதன் கைலியில்தான் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், சொந்தமாக ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர், பல வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறவர். சில மாதமாக வலை இழுக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. விடிகாலைக் குளிரிலும் சட்டை நனைகிற மாதிரி வேர்த்தது. தாடை இழுத்துப் பிடித்தது. நெஞ்சு மட்டும் வலிக்கவில்லை. அந்த நெஞ்சு ஒரு தடவையாவது வலித்துத் தொலைத்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

கூட வந்தவள் அவர் மனைவி அங்கம்மாள். அரியாங்குப்பம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். பஞ்சநாதன் படித்தவர்கள் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். அங்கம்மாள் யார் சொன்னாலும் இரண்டு கேள்வி கேட்பாள். இதனால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

உள்ளே போனதும் முதலில் உறுதிமொழி. வந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று, கையை இதயத்தின் மேல் வைத்து, 'என் கொழுப்பு என் பொறுப்பு' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். பஞ்சநாதன் பதற்றத்தில் கையை வலப்பக்கம் வைத்துவிட்டார். இதயத்துக்காகவே நடத்தப்படும் அந்த நிலையத்தில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை.

பிறகு ஆலோசகர் பூர்ணிமா அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். தங்கமான பெண். சிரித்துச் சிரித்துத்தான் பேசுவாள். அவளுக்கு எதிரில் இருந்த கம்ப்யூட்டர்தான் சிரிக்காது.

"மூச்சு வாங்குதும்மா. வேர்த்து ஊத்துது. தாடைய இஸ்த்துப் புடிக்குது" என்றார் பஞ்சநாதன்.

"நெஞ்சு வலி இருக்கா ஐயா?"

"நெஞ்சு வலிக்கல."

"அப்ப 'இல்லை'ன்னு போட்டுக்கறேன்."

அவர் சொன்ன மற்றதையெல்லாம் எங்கே போட்டாய் என்று அங்கம்மாள் கேட்டாள். அதற்குக் கம்ப்யூட்டரில் இடமில்லை என்று பூர்ணிமா உண்மையை மறைக்காமல் சொன்னாள். சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு மரத்துப் போவதால் இதயம் அடைபட்டாலும் நெஞ்சு வலிக்காமல் இருக்கலாம் என்பது மருத்துவம் படித்த யாருக்கும் தெரிந்த செய்தி. கொழுப்பு ஆபீஸிலும் அது தெரிந்துதான் இருந்தது. மாடிப்படிச் சுவரில் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள், பிரெஞ்சில்.

ரத்தம் எடுத்தார்கள். கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., அறுபத்தெட்டு என்று வந்தது. நூற்றுக்கு மேல் போனால் சிவப்பு அட்டை, மாடியில் இதய டாக்டரைப் பார்க்கலாம். நூற்றுக்குக் கீழே என்றால் பச்சை அட்டை, வீட்டுக்குப் போகலாம். பஞ்சநாதன் கழுத்தில் பச்சை அட்டையை மாட்டி, சுற்றியிருந்தவர்களைக் கை தட்டச் சொன்னார்கள். எல்லோரும் தட்டினார்கள். பஞ்சநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது, பள்ளிக்கூடத்தில்கூட அவருக்கு யாரும் கை தட்டியதில்லை.

அங்கம்மாள் மாடிப்படியில் கால் வைத்தாள். பச்சைக்காரர்கள் மேலே போகக்கூடாது என்று கமலக்கண்ணன் மறித்தார். ஆபத்து இல்லாதவர்களை ஆபத்துப் பிரிவுக்கு அனுப்பினால் அங்கே இருக்கிற ஆபத்தானவர்களின் நேரம் வீணாகுமாம். இதை அவர் மனப்பாடமாகச் சொன்னார்.

அன்றைக்கு இயக்குநர் டாக்டர் ஹரிகிருஷ்ணன் கூடத்தில் ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். அவர் தினமும் ஆற்றுவார். முன்பெல்லாம் ரிப்போர்ட்டில் நல்ல கொழுப்பு, ட்ரைகிளிசரைடு என்று வேறு சில கொழுப்புகளின் எண்ணும் இருந்ததாம். கடலோரக் கிராமங்களை நிலையம் தத்தெடுத்த பிறகு அந்த எண்கள் சராசரியைக் கெடுத்துவிட்டன. சர்க்கரை நோயாளிகளுக்குக் கெடுவதே பெரும்பாலும் அவைதான், ஆகையால் கெட்டன. நிலையம் கமிட்டி போட்டு யோசித்தது. ரிப்போர்ட்டிலிருந்து அவற்றை எடுத்துவிட்டது.

"நாலு எண்ணைச் சொன்னா நோயாளி குழம்பிடுவார். ஒரே எண்ணைச் சொன்னா நம்புவார். நம்பிக்கைதான் மருத்துவம்" என்றார் ஹரிகிருஷ்ணன்.

பஞ்சநாதன் நம்பினார். வீட்டுக்கு வருகிற வழியில் பஸ் ஏற ஓடியபோது மூச்சு முட்டி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் அதிகம் என்றார். அன்றைக்கு மேகமூட்டம்.

அங்கம்மாளுக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்திருந்தது. இதய டாக்டர் மாடியில் இருக்கிறார். மாடிக்குச் சிவப்பு வேண்டும். சிவப்புக்குக் கொழுப்பு வேண்டும். சரி, கொழுப்புத்தானே என்று அவள் முடிவு கட்டினாள். அடுத்த சோதனைக்கு முந்தின வாரம் முழுக்க அந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை. ஆட்டுக்கால், பரோட்டா, எண்ணெய் மிதக்கும் சால்னா, வடை, மேலே ஜிலேபி. எட்டு வருஷமாக வாயைக் கட்டி வைத்தவர் இதயத்தின் நலனுக்காக இப்போது வாயைத் திறந்தார். டாக்டரைப் பார்ப்பதற்காக ஒரு மனுஷன் நோயைத் தேடித் தின்ன வேண்டியிருந்தது. இதைப் படித்துச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வயிறு எரிகிறது.

கடலுக்குப் போகிறவர்கள் இருட்டில் போய் விடியற்காலையில் கரை ஏறி, மணலிலேயே உட்கார்ந்து பசியாறிவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்கள். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க அவர்களால் ஆகாது. கொழுப்பு ஆபீஸ் ஆரம்பத்தில் இதற்காக அவர்களை விரட்டி அடித்தது. அப்புறம் ஒருநாள், சாப்பிட்டுவிட்டு வருகிற மீனவர்களுக்குத்தான் கெட்ட கொழுப்பு இன்னும் கீழே வருகிறது என்று கண்டுபிடித்தது. மறுநாளே கடலோர மக்களின் பாரம்பரியத்தை மதித்து, அவர்கள் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று சலுகை அறிவித்தது.

ஆக, பஞ்சநாதன் வயிறு நிறையப் பரோட்டாவோடு போனார். முடிவு வந்தது. எல்.டி.எல். ஐம்பத்தொன்பது.

அங்கம்மாள் புருஷனையும் இழுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே போய்ச் சண்டை பிடித்தாள். ஆய்வுக்கூடத் தலைவர் சரத்குமாருக்குக் கேள்வி கேட்கிற ஆள் கிடைத்ததில் மகிழ்ச்சி. கெட்ட கொழுப்பைத் தாங்கள் நேராக அளப்பதில்லை என்றார். மொத்தக் கொழுப்பிலிருந்து நல்லதைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மிச்சம் இருப்பது கெட்டது. ஊரெல்லாம் போடுகிற கணக்குத்தான், வெறும் வயிற்றுக்கும் ட்ரைகிளிசரைடு அளவாக இருப்பவருக்கும் சரியாக வரும். மற்றவர்களுக்கு எப்படி வரும் என்பதையும் அவரே பெருமையாக விளக்கினார்.

"நிறைய சாப்டா ட்ரைகிளிசரைடு ஏறும். அது ஏற ஏற நாம கழிக்கிறதும் ஏறும். கழிக்கிறது ஏறினா எல்.டி.எல். எறங்கும். சயின்ஸோட அழகே அதாம்மா."

ஏறின கொழுப்பு எங்கே போயிற்று என்று பஞ்சநாதன் பணிவோடு கேட்டார். ரத்தத்தில்தான் இருக்கும் என்றார் சரத்குமார். ரிப்போர்ட்டில் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வட்டாரத்திலேயே கீழான எண் என்பதால் பஞ்சநாதனை அந்த வருஷத்து இதயத் தூதராக நியமித்தார்கள். ஷேர் ஆட்டோக்களின் முதுகில் அவர் படம் வந்தது. நோணாங்குப்பம் படகுத் துறையில் டிக்கெட்டுக்கு நிற்கிற சுற்றுலாக்காரர்களுக்கு எதிரில் ஆள் உயரத்துக்குச் சிரித்தார். படத்தில் அவருக்கு வேர்த்திருந்தது, அது உழைப்பின் வியர்வை என்று கீழே அச்சடித்திருந்தார்கள்.

ஆடி மாதம் பிறந்தது. ஊரில் அம்மனுக்குத் தேர் வருகிற மாதம். ஒருநாள் விடிகாலையில் பஞ்சநாதன் வலை பாதி இழுத்தபடியே படகின் முன்பக்கத்து அணியத்தில் உட்கார்ந்துவிட்டார். கூடப் போனவர்கள்தான் படகைக் கரை சேர்த்தார்கள். அங்கம்மாள் இனிமேல் கொழுப்பு ஆபீஸ் பேச்சே வேண்டாம், டவுனில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே போகிறோம் என்றாள். ஆனால் அன்று மாலை காப்புக் கட்டு. பஞ்சநாதன் வருஷா வருஷம் காப்புக் கட்டுகிறவர். காப்புக் கட்டினவர்கள் தேர் முடிகிற வரை வெளியூரில் ராத் தங்கமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் சேர்த்துக்கொண்டு படுக்க வைத்துவிடுவார்கள்.

"தேர் முடியட்டும் அங்கம்மா. அவ பாத்துக்குவா" என்றார் பஞ்சநாதன்.

"அவ பாத்துக்குவா. நீ ஏன்யா வடம் புடிக்கப் போற?"

"அட்ட பச்சையாத்தான இருக்கு. அவ்ளோ பெரிய டாக்டருங்க சும்மாவா சொல்வாங்க?"

அம்மன் மேல் இருந்த பக்தியும் அட்டை மேல் இருந்த பக்தியும் அவருக்குள் பிரிக்க முடியாமல் கலந்துவிட்டிருந்தன. அம்மன் யாரையும் வந்து என்னைப் பார், கை தட்டு என்று கேட்டதில்லை. கொழுப்பு ஆபீஸ் கேட்டது. தேரன்று வீதி முனையில் பந்தல் போட்டு மேடை கட்டி, 'மாரடைப்பே இல்லாத மீனவ கிராமம்' என்று வீராம்பட்டினத்தை அறிவிக்க ஏற்பாடு செய்திருந்தது. ஹரிகிருஷ்ணன் வேட்டி கட்டி வந்திருந்தார்.

"இந்த ஊர்ல ஒருத்தருக்குக்கூட எங்க ரெக்கார்டுப்படி மாரடைப்பு கிடையாது. இது மருத்துவத்தோட வெற்றின்னு சொல்லமாட்டேன். நிர்வாகத்தோட வெற்றி" என்று ஒலிபெருக்கியில் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, வடம் பிடித்த கூட்டத்தில் பஞ்சநாதன் முழங்கால் மடிந்து உட்கார்ந்தார்.

நாலு பேர் தூக்கி வந்து பந்தலில் போட்டார்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது, வேட்டியெல்லாம் வியர்வை. பந்தலில் பூர்ணிமாதான் இருந்தாள். அவள் கம்ப்யூட்டரைத் திறந்து, விதிப்படி முதல் கேள்வியைக் கேட்டாள். நெஞ்சு வலிக்கிறதா? படித்த பெண்ணிடம் பொய் சொல்லக்கூடாது என்று பஞ்சநாதன் இல்லை என்று தலையாட்டினார். கம்ப்யூட்டர் பச்சை காட்டியது. ஒருத்தர் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலந்து கொண்டுவந்தார், சர்க்கரை நோயாளிக்கு.

அங்கம்மாள் அந்த டம்ளரைத் தட்டிவிட்டாள். புருஷன் கையைப் பிடித்து, தேர் நிற்கும் பக்கம் திரும்பி, தாயே மன்னிச்சிக்கோ என்று சொல்லி, மஞ்சள் காப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். மீன் ஐஸ் ஏற்றுகிற லோடு ஆட்டோவில் அவரைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு, போடா டவுனுக்கு என்றாள். வழியெல்லாம் அவள் அழவில்லை. அட்டையை மட்டும் அவர் கழுத்திலிருந்து கழற்றி அரியாங்குப்பம் ஆற்றில் வீசினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் யாரும் உறுதிமொழி எடுக்கச் சொல்லவில்லை. வந்த வேகத்தில் நெஞ்சில் ஒயரை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எடுத்த வேகத்தில் உள்ளே கொண்டு போனார்கள். இதயத்துக்குப் போகும் மூன்று குழாயிலும் அடைப்பு. உயிர் பிழைத்தது. ஆனால் இது முதல் மாரடைப்பு இல்லை என்றாள் அங்கே இருந்த இளம் டாக்டர் கவிநிலா. சில மாதம் முன்பே ஒன்று சத்தம் காட்டாமல் வந்து போயிருக்கிறது. நல்ல கொழுப்பு இருபத்தெட்டுதான், ட்ரைகிளிசரைடு நானூற்றைத் தொடுகிறது. சர்க்கரைக்காரர்களுக்கு எல்.டி.எல். எண் சாதுவாக இருக்கும்போதே மற்றதெல்லாம் சேர்ந்து குழாயை அடைத்துவிடும் என்று விளக்கினாள். முதல் தடவை மூச்சு வாங்கினபோதே ஒரு ஈ.சி.ஜி. எடுத்திருந்தால் இதயத்தின் தசையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னாள். இனி பம்பிங் குறைவு. படியேறலாம், மெதுவாக. கடலுக்குப் போகக் கூடாது.

கடலுக்குப் போகக் கூடாது என்றதும் பஞ்சநாதன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அங்கம்மாளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பத்து வயதில் கட்டுமரம் ஏறினவர், கரையில் உட்கார்ந்து என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த மனுஷனிடமிருந்து கடலைப் பிடுங்கிக்கொண்டவர்கள் மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. எனக்கும்தான்.

இரண்டொரு நாளில் இயக்குநர் ஹரிகிருஷ்ணனே ஆஸ்பத்திரிக்கு வந்தார். லிப்ட் ரிப்பேர். மூன்று மாடியும் படியேறி வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வார்டுக்குள் நுழைந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். நலம் விசாரித்தார். பிறகு நிலையத்தின் கமிட்டி கூடி விஷயத்தை அலசிவிட்டதாகத் தெரிவித்தார். மாரடைப்பு வந்தது உண்மைதான் என்பதைக் கமிட்டி பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் வருவதற்கான ஆபத்து இருக்கவில்லை என்பதில் அதற்குச் சந்தேகமில்லை.

"உங்க ரத்தம் எந்தத் தப்பும் பண்ணல பஞ்சநாதன். கடைசி வரைக்கும் எங்களோட ஒத்துழைச்சுது. இதயம்தான் ஒத்துழைக்கல" என்றார்.

பேசிக்கொண்டே தாடையைத் தடவினார். எங்கள் நிலையம் முன்காப்பு நிலையம், நோய் வந்தவர்களுக்கு அங்கே இடமில்லை, ஆகவே தேருக்கு முந்தின நாள் தேதியிட்டுப் பஞ்சநாதனின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறது, வருத்தப்பட வேண்டாம், இதனால் ஊரின் விருதுக்குப் பாதிப்பில்லை என்று விளக்கினார். அட்டையைத் திருப்பித் தந்துவிட்டால் நல்லது என்றார். அது ஆற்றில் இருக்கிறது என்று அங்கம்மாள் வழி சொன்னாள்.

"நோவு வரலன்னா மாடிக்குப் போவக் கூடாது. வந்துட்டா வாசலுக்கே வரக் கூடாது. அப்ப யாருக்குத்தான் சார் நீங்க வைத்தியம் பாக்கறீங்க?"

"ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கும்மா" என்றார் ஹரிகிருஷ்ணன். கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. "அதுலதான் எங்களுக்கு நூறு சதவீதம் வெற்றி."

வந்ததிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பஞ்சநாதன் இப்போது திரும்பிப் படுத்தார். படித்தவர்கள் முன்னால் குரலை உயர்த்திப் பழக்கமில்லாதவர். அன்றைக்குக் கெட்ட வார்த்தையாகவே நாலு சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் எடுத்து வைத்திருந்தார். வாயைத் திறந்தவர் எதிரில் நின்ற மனிதரைப் பார்த்து அப்படியே நிறுத்திவிட்டார். மின்விசிறிக்குக் கீழே நின்றும் ஹரிகிருஷ்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு எடுத்தார்.

"டாக்டரே, உங்களுக்கு சுகர் கீதா?"

"இருக்கு. இருபது வருஷமா. ஏன்?"

"நெஞ்சு வலிக்குதா?"

"சேச்சே, வலியெல்லாம் இல்ல. படி ஏறினது. இந்த ஆஸ்பத்திரில லிப்ட்ட ஒழுங்கா வச்சிருக்கலாம்."

பஞ்சநாதன் அங்கம்மாளைப் பார்த்தார். போகட்டுமே, மூன்று மாடி இறங்கட்டுமே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது, நன்றாகவே தோன்றியது. பிறகு எழுந்து போய் நர்ஸ் சங்கவியைக் கையோடு இழுத்து வந்தாள். பஞ்சநாதன் ஒயர்களை ஒதுக்கிக்கொண்டு கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். ஹரிகிருஷ்ணன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அதில் உட்கார்ந்தார், நிற்க முடியவில்லை.

சங்கவி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். முகம் மாறியது. ஈ.சி.ஜி. வண்டியைக் கட்டிலோரம் தள்ளினாள்.

"சிஸ்டர், எதுக்கு இதெல்லாம்? என் எல்.டி.எல். அறுபத்தஞ்சு" என்றார் ஹரிகிருஷ்ணன்.

"நான் அதக் கேக்கல சார். சட்டையக் கழட்டுங்க."